கயா லால் மட்டும்தான் குற்றவாளியா?

எந்த எம்எல்ஏ கட்சி மாறினாலும் 'ஆயாராம் கயாராம்' என்று எழுதிவிடுகிறோம். இந்தியில் ஆயா என்றால் வந்தார், கயா என்றால் போனார். ஆனால் அந்தக் கயா ஒரு நிஜ மனிதரின் பெயர்.

ஹரியானா தனி மாநிலமானது 1966 நவம்பரில். அடுத்த வருடம் முதல் தேர்தல். ஹசன்பூர் தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்த கயா லால், ஜெயித்த கையோடு காங்கிரஸில் சேர்ந்தார். அப்புறம் காங்கிரஸுக்கு எதிரணியான ஐக்கிய முன்னணிக்குப் போனார். திரும்ப காங்கிரஸ். சில மணி நேரத்தில் மறுபடியும் ஐக்கிய முன்னணி. எல்லாம் இரண்டு வாரத்துக்குள். முன்னணித் தலைவர் ராவ் பிரேந்தர் சிங் அவரைச் சண்டிகரில் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தி, கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார் என்றார். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும். இந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தால், காங்கிரஸில் சேர்ந்த அன்றே கயா லாலின் கதை முடிந்திருக்கும்.

சரி, கும்பலாகப் போனால்? முதலில் ஒரு கட்சியின் எம்எல்ஏக்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது 'பிளவு', பதவிக்கு ஆபத்தில்லை. அந்த ஓட்டையை 2003இல் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போகும் 'இணைப்பு' மட்டும் அப்படியே இருக்கிறது. கோவாவைப் பாருங்கள். 2019இல் காங்கிரஸின் 15 எம்எல்ஏக்களில் 10 பேர் பாஜகவுக்குப் போனார்கள். அந்தச் சூடு ஆறாததால் 2022 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் தன் வேட்பாளர்களைக் கோயில், சிலுவை ஆலயம், தர்கா என்று அழைத்துப் போய்க் கட்சி மாறமாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. மார்ச்சில் முடிவு வந்தபோது ஜெயித்தது 11 பேர். செப்டம்பரில் 8 பேர் பாஜகவில். இது தாவல் இல்லையாம், இணைப்பாம்! அந்த 11 பேருக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

தனியாகத் தாவுகிறவருக்கும் வழி இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சபாநாயகர், அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். மணிப்பூரில் 2017இல் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்த ஷியாம்குமார் பாஜக அரசில் அமைச்சரானார். அவர் எம்எல்ஏ பதவியைப் பறிக்கக் கேட்ட மனு சபாநாயகரிடம் வருடக்கணக்கில் கிடந்தது. கடைசியில் 2020இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு அமைச்சர் பதவியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது.

கட்சி மாற ஒருவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம். மாறட்டும். ஆனால் ஒருவர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, புதுச் சின்னத்தோடு அதே ஊருக்கு வந்து ஓட்டுக் கேட்கட்டும். 'இணைப்பு' என்ற அந்தப் பிரிவைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். சபாநாயகர் கையில் இருக்கும் தீர்ப்பைத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுக்க வேண்டும்.