ஆஃபர் லெட்டரே போதும்

தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்தால் அலுவலக ஆங்கிலம் வந்துவிடும் என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை சார், சொல்லிக்கொடுத்தது முதல் ஆஃபர் லெட்டர்தான். சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 4,80,000 என்று போட்டிருந்ததைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் நாற்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன், கைக்கு வந்தது முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம். அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு என்று பேசிக் எனும் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் (மாதம் 26 நாள் கணக்கில் 15 நாள் சம்பளம், அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது), எல்லாம் அந்த நாலு எண்பதுக்குள்ளேயே அடக்கம்! இதே கிராஜுவிட்டி அமெரிக்காவில் சர்வருக்கு வைக்கும் டிப்ஸ், அகராதியில் முதல் அர்த்தமும் அதுதான்.

'ரிடன்டன்ட்' இன்னும் மோசம். பள்ளியில் படித்தது 'தேவைக்கு மிஞ்சியது', சரி, ஆனால் லண்டன் ஆபீஸ் மெயிலில் அது வந்தால் ஆள் மேல் குறை இல்லை, அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி பணமும் உண்டு. 'டிஸ்மிஸ்' என்று நினைத்து நண்பனுக்கு ஆறுதல் சொல்லப்போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.