பி.டி. பீரியடுல கணக்கு நடத்தினா என்ன குறைஞ்சு போச்சு?

அந்த வீடியோவுக்குக் கீழ வந்த கமெண்டையெல்லாம் படிச்சு முடிச்சேன். பி.டி. பீரியடுல புள்ளைங்க கிரவுண்டுல டேப் பிடிச்சு அளந்து கணக்கு படிக்கிற வீடியோதான். "புள்ளைங்கள வெயில்ல நிக்க வெச்சு டேப் பிடிக்கச் சொல்றது கணக்குப் பாடமாம்"னு ஒரு அறிவாளி எழுதியிருக்கார். அதுக்கு அத்தனை சிரிப்பு எமோஜி!

சார், அது கணக்குதான்.

நானூறு மீட்டர் ஓட்டத்துல எட்டு பேரும் ஏன் ஒரே கோட்டுல நிக்கிறதில்ல? வளைவுல வெளி லேனோட சுத்து பெருசு, அதைச் சரிக்கட்டத்தான். ரெண்டாவது லேன்காரன் 7.04 மீட்டர் முன்னாடி நிப்பான். அடுத்தடுத்த லேன்ல ஒவ்வொருத்தரும் இன்னும் 7.67 மீட்டர் முன்னாடி. லேன் அகலம் 1.22 மீட்டர். அதை 2π-ஆல பெருக்கிப் பாருங்க, 7.67 வரும். முதல் லேனை மட்டும் உள்கரையில இருந்து 30 செ.மீ. தள்ளி அளப்போம், மத்த லேனுக்கு அதோட உள்பக்கக் கோட்டுல இருந்து 20 செ.மீ.தான். அதனாலதான் ரெண்டாவது லேனுக்குக் கொஞ்சம் குறையுது. இதையே போர்டுல எழுதினா பின் பெஞ்சு தூங்கிடும். கிரவுண்டுல, "அவ மட்டும் ஏன் மாஸ்டர் முன்னாடி நிக்கிறா?"னு எங்கிட்ட சண்டைக்கே வந்துச்சு ஒரு பொண்ணு. பாடம் அங்கதான் ஆரம்பிச்சுது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருநாள் கபடி கோர்ட் போட்டுட்டு இருந்தேன். 13 மீட்டருக்கு 10 மீட்டர். மூலை மட்டமா வரணும்னு கயித்துல 3, 4, 5 மீட்டர் முடிச்சு போட்டு முக்கோணமா இழுத்துப் பிடிச்சேன். கணக்கு டீச்சர் ஒருத்தர் நின்னு பார்த்துட்டு, "இது பிதாகரஸ் ஆச்சே மாஸ்டர், உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. பாராட்டாத்தான் கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு மதியச் சோறு இறங்கல.

போர்ஷனை எப்ப முடிக்கிறதுன்னு கேப்பீங்க. அரையாண்டு வந்தாலே எங்க பீரியடை வாங்கிக்கிறீங்களே, அப்பவும் முடியலையா? வெயிலா? பி.டி.யை மத்தியானத்துல தூக்கிப் போட்டு டைம்டேபிள் எழுதினது நானா? காலையில முதல் பீரியடு குடுங்க, பனியிலயே நடத்துறேன். எல்லா கணக்கும் கிரவுண்டுல வராதுன்னா, சரி, வராது. வர்றதையாவது நடத்த விடுங்களேன்.

கணக்கையும் பி.டி.யையும் சேர்த்து நடத்துறதுன்னா எங்க பீரியடுல கணக்கு டெஸ்ட் வைக்கிறது இல்ல. அதையும் இப்பவே சொல்லிடறேன், நாளைக்கே ஒரு ஹெச்.எம். இந்தப் பதிவைக் காட்டி பீரியடைக் கேப்பார். புள்ளைங்க ஓடணும், மூச்சு வாங்கணும், அப்புறம் அளக்கணும். கணக்கு டீச்சரும் கிரவுண்டுக்கு இறங்கி வரணும். எப்பவும் நாங்கதான் போகணுமா?

பிரேயர்ல வரிசை நிக்க வைக்க நாங்க வேணும். முடி வெட்டாத பையனைப் பிடிக்க, ஆண்டு விழாவுக்குச் சேர் போட நாங்க வேணும். ஸ்டாஃப் ரூம்ல மார்க் பத்திப் பேசும்போது மட்டும், "மாஸ்டர், நீங்க போய் கிரவுண்டைப் பாருங்க." இத்தனை வருஷமா அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அங்க இருக்குற கணக்கைச் சொன்னாத்தான் சிரிக்கிறீங்க.

குண்டு எறிதல்ல குண்டு விழ வேண்டிய பகுதி, அதான் செக்டார், அதோட கோணம் 34.92 டிகிரி. அதுக்கு நாங்க பாகைமானி தேடுறதில்ல. வட்ட மையத்துல இருந்து 20 மீட்டர்ல ரெண்டு கோடு, முனைக்கு முனை 12 மீட்டர், அவ்வளவுதான். ஏன் 12-ன்னு பத்தாம் வகுப்பு டிரிகோணமெட்ரி ஞாபகம் இருக்கறவங்க கீழ எழுதுங்க. மத்தவங்க எந்த நாள் வேணும்னாலும் கிரவுண்டுக்கு வரலாம், டேப் நான் தர்றேன்.