காசியப்பன் மேலே, கணவர் கீழே

(இலங்கை, சிகிரியா. ஏறத்தாழ 200 மீட்டர் உயரப் பாறை. அதன் உச்சியில்தான் அரசன் காசியப்பனின் அரண்மனை. அடிவாரத்து நீர்த்தோட்டத்தில் ஒரு தம்பதி.)

கணவர்: கொஞ்சம் நில். மழைக்காலத்தில் இந்த நீரூற்றுகள் இன்றும் பீறிடுமாம். 1,500 ஆண்டுக்கு முந்தைய வேலைப்பாடு! உட்கார்ந்து ரசிக்க வேண்டாமா?

மனைவி: இன்னும் ஒரு படிகூட ஏறவில்லையே.

கணவர்: வரலாறு படியில்தான் இருக்க வேண்டுமா?

மனைவி: சுருள்படி ஏறினால் ஓவியங்கள் இருக்கின்றன. எல்லாம் பெண்கள்.

கணவர்: (எழுந்து) கலைக்காக எதையும் தாங்கலாம்.

(ஓவியங்களைப் பார்த்தாயிற்று. ஒருகாலத்தில் கண்ணாடிபோல் பளபளத்ததால் 'கண்ணாடிச் சுவர்' எனப்படும் சுவரருகே கணவர் மறுபடியும் அமர்கிறார்.)

கணவர்: அந்தக் காலத்தில் வந்தவர்கள் ஓவியப் பெண்களைப் பாடி இந்தச் சுவரில் கவிதை கீறியிருக்கிறார்கள்.

மனைவி: பெண்கள் எழுதியதும் உண்டு. நகராமல் நின்ற கணவர்களைப் பற்றியதாக இருக்கும்.

கணவர்: நானும் நாலு வரி எழுதட்டுமா?

மனைவி: அவர்கள் எழுதினால் தொல்லியல். நீங்கள் எழுதினால் சிறை.

(சிங்க வாசல். செங்கல்லாலான இரண்டு பிரம்மாண்டப் பாதங்கள், நகங்களோடு.)

கணவர்: சிங்கத்தின் தலை எங்கே?

மனைவி: இடிந்துபோயிற்று. பாதம்தான் மிச்சம்.

கணவர்: எனக்குத் தலை மிச்சம், பாதம்தான் போயிற்று. இவ்வளவு உயரத்தில் வீடு கட்டியவன் யார்?

மனைவி: காசியப்பன். அப்பாவைக் கொன்று அரியணை ஏறினான். தம்பி முகலன் தென்னிந்தியாவுக்குத் தப்பியோடிவிட்டான். அவன் படையோடு திரும்புவான் என்ற பயத்தில் இங்கே குடியேறினான் என்பார்கள்.

கணவர்: திரும்பினானா?

மனைவி: வந்தான். காசியப்பன் கீழே இறங்கிப் போரிட்டான். சதுப்பு நிலத்தைக் கண்டு அவனுடைய யானை திரும்பியது. அரசர் ஓடுகிறார் என்று நினைத்துப் படையே ஓடியது. கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தானாம்.

கணவர்: பார்த்தாயா? ஏறினால் ஒருநாள் இறங்கித்தானே ஆக வேண்டும்! நான் இங்கேயே இருக்கிறேன், நீ போய் வா.

மனைவி: தாராளமாக. அந்தப் பலகையை மட்டும் படித்துவிட்டு உட்காருங்கள்.

கணவர்: "குளவிகள் கவனம். சத்தம் போடாதீர்கள்." யார் இங்கே சத்தம்... ஐயோ! காதருகே ஏதோ...

(இரும்புப் படிகள் தடதடக்கின்றன. மனைவி பாதி தூரம் வருவதற்குள் உச்சியிலிருந்து குரல் கேட்கிறது.)

கணவர்: சீக்கிரம் வா! இங்கே பாறையிலேயே வெட்டிய ஆசனம் இருக்கிறது! அரசனும் என்னைப் போலத்தான்!

மனைவி: அவன் ஏறி முடித்த பிறகு உட்கார்ந்தான்!