பால் கவரைக்கூட எடுக்க மாட்டேன்னா அதை எங்கதாங்க போடுறது?

தர்மபுரியாகட்டும் கிருஷ்ணகிரியாகட்டும், தெருவுக்குத் தெரு இதே பாடுதான். மக்குறது ஒரு கூடை, மக்காதது ஒரு கூடைன்னு பிரிச்சு வைக்கச் சொல்றாங்க. பிரிச்சு வச்சா, குப்பை வண்டியில பாட்டிலையும் அட்டையையும் மட்டும் எடுத்துக்கிட்டு, பால் கவர், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மாகோல் எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டுப் போறாங்க. அது சாக்கடைக்குப் போகுது, இல்லன்னா சாயங்காலம் தெருமுனையில கொளுத்துறாங்க. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தானே போகுது?

வண்டியில வர்றவங்களைத் திட்டிப் பிரயோசனமில்ல. விலை போகாத சரக்கை எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க? அதை வாங்கி வைக்க ஊருக்குள்ள ஒரு இடம்கூட ஒதுக்காதவங்களைத்தான் கேக்கணும்.

பால் கவர் நல்ல சரக்குங்க. பாலித்தீன். உருக்கினா திரும்பப் பொருளாகும். அதைக் கெடுக்குறது நம்ம அடுப்படிதான். கழுவாம கசக்கிப் போட்டா மறுநாளே புளிச்ச நாத்தம். உள்ள இருக்குற கொழுப்புல மண்ணும் சோத்துப் பருக்கையும் அப்பிக்கும். காயலான் கடையில கையாலயே தொட மாட்டாங்க. ஈரத்தோட போனாலும் ஆகாது, உருக்கும்போது ஆவி கிளம்பி சரக்குல குமிழி விழும்.

முதல்ல அந்த மூலையைத் துண்டா நறுக்கி எறியுறதை நிறுத்துங்க. நகத்தளவு துண்டை யாராலயும் பொறுக்க முடியாது. பாதி வெட்டி, துண்டு கவரோடயே தொங்கட்டும். பாலை ஊத்தினதும் கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்கிச் செடிக்கு ஊத்துங்க. அப்புறம் மேல் ஓரத்தை முழுசா வெட்டி விரிச்சு, கொடியில கிளிப் போட்டுக் காயவிடுங்க. ரெண்டு பக்கமும் காயணும்.

அரை லிட்டர் கவர் ஏறத்தாழ 3 கிராம்தான். தினம் 2 பாக்கெட் வாங்குற வீட்டுல ஒரு கிலோ சேர அஞ்சரை மாசம் ஆகும். அதைத் தனியாத் தூக்கிட்டுப் போனா கடையில மதிக்க மாட்டாங்க. 20 வீடு ஒரே சாக்குல சேர்த்தா எட்டொம்பது நாள்ல ஒரு கிலோ. தெருவாச் சேர்ந்தாதான் இது நடக்கும்.

அந்தச் சாக்குல பிவிசி ஒரு துண்டுகூட வரக்கூடாது. பழைய குழாய், வயர் உறை எல்லாம் தனியா வைங்க. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டின பிளாஸ்டிக் ரோடு போடுற முறையில, 160, 170 டிகிரி சூட்டுல இருக்குற ஜல்லி மேல நறுக்கின பிளாஸ்டிக்கைத் தூவி, அது உருகி ஒட்டினதும் தார் கலக்குறாங்க. நம்ம கேரி கவரும் பால் கவரும் அதுக்குப் போதும். பிவிசி மட்டும் ஆகாது, சூட்டுல அமில வாயு கக்கும்.

உள்பக்கம் வெள்ளியா மினுங்குற பாக்கெட் வேற கதை. ரெண்டு மூணு அடுக்கை ஒட்டிச் செஞ்சது, பிரிக்க முடியாது, எந்தக் கடையிலயும் விலையில்ல. மொத்தமாச் சேர்த்துக் கட்டி அனுப்பினா சிமெண்ட் ஆலைச் சூளையில நிலக்கரிக்குப் பதிலா எரிப்பாங்க. ஒரு வீட்டால அது முடியுமா? ஊராட்சியும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலைங்க அது.

2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியுற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தப்போ பால் கவருக்கு விலக்கு கொடுத்தாங்க. விலக்கு கொடுத்த கையோட திரும்ப வாங்கவும் வழி வச்சிருக்க வேண்டாமா? பாக்கெட் போட்டு விக்கிற கம்பெனியே அந்தக் குப்பைக்குப் பொறுப்புன்னு 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதியில இருக்கு. பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கம் எந்தப் பெட்டிக்கடையிலயும் சாஷே சரஞ்சரமாத் தொங்குது. அதை இறக்கிட்டுத் திரும்புற வண்டி காலியாத்தானே போகுது? காலி சாஷே மூட்டையை அதுல ஏத்திவிடுங்கய்யா.