பீல் ஏறின டோலி

வில்லியம் பீல்னு ஒரு பிரிட்டிஷ் கப்பற்படை கேப்டன், அப்பா ராபர்ட் பீல், இங்கிலாந்துக்கு ரெண்டு தடவை பிரதமரா இருந்தவர். ரெண்டு நாளா இந்த ஆளப் பத்தித்தான் படிச்சிட்டிருக்கேன். ஒரு விஷயம் மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

துணிச்சல்காரன், அதுல சந்தேகமே இல்ல. 1854ல கிரீமியப் போர்ல, ரஷ்யாவோட செவஸ்தபோல் துறைமுகத்த முற்றுகை போட்டிருந்தப்போ, திரி எரிஞ்சிட்டிருந்த குண்டு ஒண்ணு வெடிமருந்துப் பெட்டிங்க நடுவுல வந்து விழ, கையால தூக்கி மண்சுவருக்கு அந்தப் பக்கம் வீசிட்டான், கைய விட்டதும் வெடிச்சிருச்சு. அதுக்கு விக்டோரியா கிராஸ், பிரிட்டன்ல வீரத்துக்குக் குடுக்குற உச்ச விருது. 1857ல ஷானன் கப்பலோட சீனாவுக்குச் சண்டைக்குப் போனவன, இங்க கம்பெனிக்கு எதிரா சிப்பாய்ங்க கலகத்துல கிளம்பிட்டாங்கன்னு கல்கத்தாவுக்குத் திருப்பி விட்டாங்க. கப்பல் பீரங்கியெல்லாம் கழட்டிகிட்டு, மாலுமிங்க 400 பேருக்கு மேல கூட்டிகிட்டு, கங்கையில அலகாபாத் வரைக்கும், அப்புறம் தரை வழியா லக்னோ. கடல் எங்க இருக்கு, லக்னோ எங்க இருக்கு பாருங்க!

நவம்பர் 16 அன்னிக்கு லக்னோவுல சிக்கந்தர் பாக்னு மதில் வச்ச தோட்டத்துல மட்டும் நம்மாளுங்க 2000 பேர் கிட்ட செத்தாங்க. அன்னிக்கே பக்கத்துல ஷா நஜாஃப்ங்கிற சமாதிக் கட்டடத்தோட சுவருக்கு ரொம்பக் கிட்ட பீரங்கிய இழுத்துட்டுப் போய் சுட்டான் பீல். அதுல ஒரு பீரங்கியில கடைசி வரை நின்னது ரெண்டே பேரு, ஒருத்தர் வில்லியம் ஹால், கனடா பக்கம் நோவா ஸ்கோஷியாக்காரர், அமெரிக்காவுல அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவங்களோட பிள்ளை. அடிமைத்தனத்துல இருந்து மீண்ட குடும்பத்துப் பையன், இன்னொரு நாட்ட அடிமையா வச்சிருக்க குண்டு போடுறான், என்ன கொடுமைடா இது. விக்டோரியா கிராஸ் வாங்கின முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1904ல செத்தப்போ சமாதியில ஒரு கல்லு கூட நடல.

சரி, முள்ளுக்கு வரேன். 1858 மார்ச்ல லக்னோவுல பீலுக்குத் தொடையில குண்டு பட்டுச்சு. கான்பூர் போறதுக்கு அவன் ஆளுங்க அவத் (லக்னோவத் தலைநகரா வச்சிருந்த ராஜ்யம்) ராஜாவோட கோச்சு வண்டி ஒண்ணப் பிடிச்சு, உள்ள நீலத் துணியெல்லாம் அடிச்சு ரெடி பண்ணி வச்சாங்க. மனுஷன் வேணாம்னுட்டான், என் மாலுமிங்க மாதிரி நானும் டோலியிலயே போறேன்னு. அந்த டோலியில முன்னாடி பெரியம்மை கண்டவனத் தூக்கியிருக்காங்கன்னு சொல்றாங்க. ஏப்ரல் 27, கான்பூர்ல அம்மையில போயிட்டான், வயசு 33. கல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல பளிங்குல சிலை வச்சாங்க.

என்ன எளிமை, என்ன பெருந்தன்மைன்னு இத இன்னிக்கும் உருகி எழுதுறாங்க. எனக்கு அந்த டோலியத் தூக்குனவங்க ஞாபகம்தான் வருது. சபரிமலையில பாத்திருப்பீங்க, டோலிக்காரங்க தோள்ல மூங்கில் அழுத்தி அழுத்திக் காய்ப்புக் காய்ச்சிருக்கும். லக்னோவுல வெயில், டோலியில இருக்கிறவன் மூச்சு பிடரியில படுற தூரம். அவங்களுக்கும் அம்மை போட்டுச்சா, வீட்டுக்குக் கொண்டு போனாங்களா, யாராவது ஒரு வரி எழுதினாங்களா? நான் படிச்சதுல ஒரு பேர் கூடக் கண்ணுல படல. இவனாவது வேணாம்னு சொல்ல முடிஞ்சுது, அவங்களுக்கு அது கூட இல்ல.

நீலத் துணி அடிச்ச அந்த வண்டியிலயே ஏறித் தொலைச்சிருக்கலாம்யா நீ.