ஒரு மாத்திரை நேரத்துக் கதை

'டேப்ளாய்டு' என்பது முதலில் பத்திரிகையின் பெயரே இல்லை. 1884-இல் பர்ரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனம், பொடியை அழுத்திச் செய்த தன் மாத்திரைகளுக்குப் பதிவு செய்துகொண்ட வணிகப் பெயர். அப்புறம் சுருக்கி அடக்கிய எதையும் அப்படிச் சொல்லத் தொடங்கி, கடைசியில் சின்ன அளவுச் செய்தித்தாளின் மேல் அது ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்திலோ மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம். அந்தத் தாளின் முதல் பக்கத்துக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். கடையைத் தாண்டிப் போகிறவர் ஒரு பார்வை பார்ப்பார், அதற்குள் அவரை நிறுத்தியாக வேண்டும்.

இந்த நேரத்தில் விவரமெல்லாம் சொல்ல முடியாது. யார் நல்லவன், யார் கெட்டவன், நீ எந்தப் பக்கம், இதை மட்டும் சொல்லிவிடலாம். பொய் எழுதுகிறார்கள் என்று இந்தப் பத்திரிகைகளைத் திட்டுகிறோம், அது சரிதான், ஆனால் பல முதல் பக்கங்களில் பொய் என்று தனியாகப் பிடித்துக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆளுக்கொரு வேஷம் கட்டி மேடையில் நிறுத்தியிருப்பார்கள். வேலை அதிலேயே முடிந்துவிடும்.

1982 மே 2, ஃபாக்லாந்து போர். அர்ஜென்டினாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. மே 4 அன்று பிரிட்டனின் டேப்ளாய்டான 'தி சன்' முதல் பக்கத்தில் பெரிதாக ஒரே சொல்: 'காட்ச்சா'. தமிழில் 'மாட்டுனியா!' என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்வது யார்? நிருபரா, கடற்படையா, பிரதமரா? யாருமில்லை, வாசிக்கிறவர்தான் சொல்கிறார், அவர் வாயில் அதை வைத்துவிட்டார்கள். கீழே இருந்த வரியில் 'நம்ம பசங்க' என்று வேறு. தன்மைப் பன்மைக்கு இவ்வளவு பலம் உண்டு என்று எந்த இலக்கண வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இறந்தவர்கள் ஏராளமாக இருக்கலாம் என்று தெரிந்ததும் அடுத்தடுத்த பதிப்புகளில் தலைப்பை மாற்றினார்கள். இறந்தவர்கள் 323 பேர். ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது முதலில் வந்த அந்த ஒற்றைச் சொல்தான்.

இன்னொரு வழி, சொல்லாததைச் சொன்னதாக்குவது. நியூயார்க் நகரம் திவாலாகும் நிலையில் இருந்தபோது, மத்திய அரசு கைகொடுக்காது என்று அமெரிக்க அதிபர் ஃபோர்டு பேசினார். மறுநாள், 1975 அக்டோபர் 30, 'டெய்லி நியூஸ்' தலைப்பு: 'நகரத்துக்கு ஃபோர்டு சொன்னது: செத்துத் தொலை'. மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் பேச்சின் சாரம் அதுதான் என்று வாதாடலாம், நானும் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் நிதிக் கொள்கை பற்றிய ஒரு நீளப் பேச்சு, வீட்டு வாசலில் நடக்கும் சண்டை வசனமாக மாறிவிட்டதைப் பாருங்கள். அதை மறப்பது கஷ்டம்.

இதில் கைத்திறமை உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். 1983-இல் ஒரு மதுக்கூடக் கொலைக்கு 'நியூயார்க் போஸ்ட்' போட்ட, தலையில்லா உடல், மேலாடையில்லா மதுக்கூடம் என்ற தலைப்பு ஆங்கிலத்தில் ஐந்தே சொல் ('ஹெட்லெஸ் பாடி இன் டாப்லெஸ் பார்'), எதுகை கச்சிதமாக விழுந்திருக்கும். நானும் ரசித்துச் சிரித்தவன்தான். செத்தவர் யார் என்று தேடிப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை, அது பின்னால்தான் உறைத்தது.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம், கால்பந்து அரையிறுதி. நின்று பார்க்கும் பகுதியில் நெரிசல், நசுங்கிச் செத்தவர்கள், பிற்பாடு இறந்தவரையும் சேர்த்து, 97 பேர். நான்கு நாள் கழித்து 'தி சன்' முதல் பக்கத்தில் வைத்த தலைப்பு: 'உண்மை'. அதன் கீழே மூன்று வரி. சில ரசிகர்கள் பாதிக்கப்பட்டவர்களின் பாக்கெட்டில் திருடினார்கள். சில ரசிகர்கள் தீரமான போலீசார் மேல் சிறுநீர் கழித்தார்கள். சில ரசிகர்கள், ஒருவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்த காவலரை அடித்தார்கள்.

அந்தப் பக்கத்தின் படத்தை நான் பல முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். 'சில ரசிகர்கள், சில ரசிகர்கள், சில ரசிகர்கள்' என்று பாட்டுப் பல்லவி மாதிரி வருகிறது. 'சில' என்று போட்டதால் கேட்டால் தப்பித்துக்கொள்ளலாம், மூன்று முறை வந்ததால் படிக்கிறவர் மனதில் 'எல்லோரும்' என்று பதியும். போலீசுக்கு மட்டும் 'தீரமான' என்ற அடைமொழி. செத்தவர்கள் இந்தக் கதையில் பையிலிருந்து திருடக் கொடுத்த வெறும் உடல்கள். இதை யார் சொன்னது என்று அந்த எழுத்துகளில் எங்கேயும் இல்லை. காவலர்களும் ஓர் எம்.பி.யும் ஒரு செய்தி முகமைக்குச் சொன்ன குற்றச்சாட்டு, தலைப்பில் ஏறும்போது சொன்னவர் கழன்றுவிட்டார், மிச்சம் 'உண்மை' மட்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், நெரிசலை விசாரித்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, கூட்டத்தைக் கையாளுவதில் போலீஸ் தவறியதுதான் முக்கியக் காரணம் என்றது. அறிக்கைக்கெல்லாம் அவ்வளவு பெரிய எழுத்து கிடைக்குமா? செத்தவர்கள் லிவர்பூல் அணியின் ரசிகர்கள், அந்த ஊரில் இன்றைக்கும் பலர் அந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை. 2012-இல் தனி ஆய்வுக் குழு, ரசிகர்கள் மீது சொன்ன பழிக்கு ஆதாரமில்லை என்று ஆவணங்களோடு வெளியிட்ட பிறகு, பத்திரிகை முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. 23 வருஷம் கழித்து. அன்றைக்கு வைத்த தலைப்பு: 'உண்மையான உண்மை'.