கணக்கில் தொகை தெரிவதும் காசோலை தேறுவதும் ஒன்றல்ல

பொருள் விற்கும்போது, வாங்குபவர் தந்த காசோலைத் தொகை கணக்கில் தெரிந்தவுடன் பொருளைக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்துள்ளனர். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். இலங்கையில் காசோலையின் படிமம், வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்க்கும் லங்காபே (முன்னர் லங்காகிளியர்) நிறுவனத்தின் ஊடாக அதை எழுதியவரின் வங்கிக்குச் சென்று, வழமையாக அடுத்த வேலை நாளிலேயே தேறும். அக்கணக்கில் பணம் இல்லாவிட்டாலோ கையொப்பம் பொருந்தாவிட்டாலோ காசோலை திரும்பி, பதிவான தொகையும் கழிக்கப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளிநொச்சியில் உங்கள் லேண்ட்மாஸ்டரை (இரு சக்கர உழவு இயந்திரத்தை) வாங்கி ஏற்றிச்செல்ல வருபவர் வைப்புச் சீட்டின் படத்தைக் காட்டினால், திங்கட்கிழமைக்கு முன் எதுவும் உறுதியில்லை. அவசரப்படுத்துபவரிடம் இன்னும் கவனம் தேவை. காசோலை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, "இது தேறிவிட்டதா?" என்று கேளுங்கள். வாங்குபவர் தரும் தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்க வேண்டாம்.